நான் உறைய வைத்த பிராந்தி

என் மாமனாரின் பிராந்தியைக் குடித்தது நான்தான்.

ஆம், நான்தான்! திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிற பணிவு... அந்த மருமகள்தான்! சில வருடம் குடித்தேன். குடித்த அளவுக்குத் தேயிலைச் சாற்றை ஊற்றிப் பாட்டிலை நிரப்பி வைத்தேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். எனக்கே இதை நினைத்தால் பாதி சிரிப்புத்தான் வருகிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் காகிதத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த மீதிப் பாதிக்கு சூசை என்று பெயர்.

முதலில் சிரிப்பான பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவளுக்குக் கொடுக்கிற சாமான்களையெல்லாம் கல்யாண வீட்டில் பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். பித்தளை அண்டா, எவர்சில்வர் அடுக்கு, பர்மாத் தேக்கில் அலமாரி, வெள்ளியில் பாலாடை... எனக்கு இவற்றோடு ஒரு ஐஸ் பெட்டியும் வந்தது. என் அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. ஊருக்குக் கரண்டு வராத காலம் அது. பெட்டி மண்ணெண்ணெயில் ஓடும். அடியில் ஒரு விளக்கு எரியும், மேலே தண்ணீர் உறையும்! நம்புவீர்களா? கல்யாணத்துக்கு வந்தவர்களும் நம்பவில்லை. என்னை ஒரு முறை பார்த்தவர்கள் பெட்டியை மூன்று முறை பார்த்தார்கள். மாப்பிள்ளையே முதல் பார்வை எனக்கா பெட்டிக்கா என்று சொல்ல முடியாத நிலையில்தான் மணவறையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாப்பிள்ளை ஆறு மாதம் என்னோடு இருந்தார். பிறகு மூன்று வருடத் தவணைக்குப் பினாங்கு போய்விட்டார். எங்கள் வீடுகளில் அப்படித்தான். அழுதேனா என்று கேட்டால், அழுதேன், ஒரு வாரம். பிறகு பார்த்தால் அறுபது தூண் உள்ள வீட்டில் நாங்கள் மூன்றே பேர். மாமா, மாமியார், நான். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தூணோடுதான் பேச வேண்டும்.

மாமாவுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு. மதுவிலக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து, சர்க்கார் பெர்மிட்டில், மாதம் ஒரு பாட்டில் பிராந்தி அவருக்கு மருந்தாக வரும். தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு அவுன்ஸ். ஆனால் மாமியார் ஒரே பிடிவாதம். சாமி அறை இருக்கிற கட்டுக்குள் அந்தப் பாட்டில் காலடி வைக்கக் கூடாது! ஆகவே பாட்டில் இரண்டாங்கட்டுக்கு, என் பக்கத்துக்கு, என் ஐஸ் பெட்டிக்கு வந்தது. அதிலும் மேல் மூலையில் இருந்த உறைய வைக்கும் அறைக்கே போனது.

"பினாங்குல தொரைமாரெல்லாம் அப்படித்தான் வப்பாக, உமையா. நம்ம வெயிலுக்குப் பிராந்தி ஆவியாப் போயிரும்" என்றார் மாமா.

இப்படியாக அந்தப் பாட்டிலைத் தொடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர் ஆனோம். அளந்து ஊற்றிக் கொடுக்கிற நான். பெட்டியைக் காக்கிற சூசை.

சூசை ஆவூர்க்காரர். அப்போது வீட்டில் எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் பேனாவில் வருகிறது. கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் இதே மாதிரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஆவூரில். சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துத் திரும்புவார். பெட்டி மேல் அவருக்கு இருந்த பெருமை... அடடா! எனக்குக்கூட அது என் சாமான்தான். அவருக்கு அது பிள்ளை.

பார்க்க வருகிறவர்களை வரிசையில் நிற்க வைப்பார். குனிந்து விளக்கைக் காட்டுவார். பிறகு கதவைத் திறப்பார்.

"தொடுங்க, சும்மா தொடுங்க. கீழ தீ, மேல ஐஸு. தீ நீலமா நிக்கணும். மஞ்சளாச்சுன்னா பொட்டி கோவிச்சுக்கிரும். அது எங்கையிலதான் இருக்கு" என்பார்.

தினமும் காலையில் திரியை ஒட்ட நறுக்குவார். எண்ணெயை வடிகட்டி ஊற்றுவார். பெட்டி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அடியில் ஓட்டுச்சில் வைத்துச் சமன் செய்வார். அவர் உறைய வைக்கிற ஐஸில் ஒரு குமிழிகூட இருக்காது. ஊரில் அவருக்கு 'ஐஸ் சூசை' என்றே பெயர். யார் கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்குத்தான் சீக்கிரம் திரும்புவார்.

சரி, குடித்த கதைக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. கையில் ஓர் அதிசயப் பெட்டி. எதையெல்லாம் உறைய வைக்கலாம் என்று பார்ப்பதே என் பொழுதுபோக்கு. பன்னீர் உறைந்தது. இளநீர் உறைந்தது. ரசத்தை வைத்தேன், ரசமும் உறைந்தது! பால் பாயசம் கல்லானது. ஆனால் பக்கத்திலேயே நிற்கிற பிராந்தி மட்டும் அசையவில்லை. சாய்த்தால் சாய்ந்தது, ஆட்டினால் ஆடியது. எல்லாம் பணிந்துபோகிற இடத்தில் இது மட்டும் என்ன திமிர்?

ஒரு பிற்பகல், வீடே உண்ட களைப்பில் தூங்குகிற நேரம், மூடியைத் திறந்தேன். ஊற்றிக் குடிக்கப் பாத்திரம் தேடினேன். டம்ளர் எடுக்கச் சமையற்கட்டுக்குப் போனால் மாமியார் விழித்துக்கொள்வார். என் அலமாரியில் கைக்கு அகப்பட்டது... சொல்ல வெட்கமாக இருக்கிறது... குழந்தைக்குப் பால் புகட்டுவதற்கென்று என் சாமானில் வந்த வெள்ளிப் பாலாடை!

ஒரு பாலாடை குடித்தேன்.

இறங்கும்போது பனி, இறங்கிய பிறகு நெருப்பு. காது மடல் இரண்டும் சூடாகின. சற்று நேரத்தில் அந்த அறுபது தூணும் என் சிநேகிதிகள் போலத் தோன்றின. அவற்றுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தேன். தூணுக்குப் பின்னால் ஒளிந்து எனக்கு நானே கண்ணாமூச்சி ஆடினேன் என்றால் உங்களுக்கு என் நிலைமை புரியும். புருஷன் கடல் கடந்து இருக்கிறான் என்ற நினைப்பு அன்று பிற்பகல் முழுக்க என்னைத் தொடவே இல்லை.

பிறகு பாட்டிலைப் பார்த்தேன். மட்டம் குறைந்திருந்தது. பயம் வந்தது. தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளுக்கும். அதனால் கடுந்தேயிலை கொதிக்க வைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றினேன். பிராந்தியின் அதே நிறம்! என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். மெச்சிய மகிழ்ச்சியில் மறுநாளும் ஒரு பாலாடை.

அப்புறம் என்ன, தினமும்தான்!

உங்களுக்குப் புரிகிறதா என்ன நடந்திருக்கும் என்று? மாதப் பிறப்பில் புதுப் பாட்டில் வரும். மாமா குடிப்பது பிராந்தி. மாத நடுவில் அவர் குடிப்பது பாதிக்குப் பாதி. மாதக் கடைசியில் பாவம், அந்த மனிதர் குளிர்ந்த தேயிலையைக் கண் மூடி, முகம் சுளித்து, நெஞ்சைத் தடவிக் குடித்துக்கொண்டிருந்தார்!

"உமையா, மாசப் பொறப்புல புலி மாதிரி இருக்குது. மாசக் கடைசியில பசு மாதிரி ஆயிருது. பெட்டிக்குள்ள வச்சா எத்தன நாளைக்குத்தான் இது நிக்கும்? யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க மாமா தெரியும்" என்றேன்.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். முன்னைவிட நன்றாக இருக்கிறதாம்! மருந்து நன்றாக வேலை செய்கிறதாம்! நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்.

நோயாளியின் மருந்தைத் திருடினோமே என்று உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். உறுத்தியது. ஆனால் டாக்டர் சொன்ன பிறகு உறுத்தல் பாதியாகக் குறைந்தது. மீதியைப் பாலாடை குறைத்தது. இப்படியே போயிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதை. உங்களிடம் ஒப்புக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் படைப்பு. குடும்பத்து முன்னோருக்குப் படைத்து, பங்காளிகள் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற நாள். சித்திரை வெயில். அத்தனை பேருக்கும் நன்னாரி சர்பத்தில் ஐஸ் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. சூசைக்கு அதைவிட ஆசை. இரண்டு நாள் முன்பே விளக்கின் தீயைக் கூட்டி வைத்தார். பெட்டிக்குள் கை விட்டால் விரல் ஒட்டிக்கொள்கிற குளிர்.

மாதக் கடைசி. பாட்டிலில் இருந்தது முக்கால்வாசித் தேயிலை. அதற்கு முந்தின வாரம்தான் பினாங்கிலிருந்து கடிதம் வந்திருந்தது, வேலை முடியவில்லை, இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று. அதனால் அந்த வாரம் நான் பாலாடையை அளந்து குடிக்கவில்லை... இதையும் சொல்லத்தானே வேண்டும்.

விளக்கு வைத்ததும் மாமா முகப்பில் பங்காளிகளோடு உட்கார்ந்து மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். நான் பந்தியில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். சூசை பாட்டிலையும் கண்ணாடியையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனார். எனக்குத் தெரியவே தெரியாது. முகப்பில் திடீரென்று சத்தம் அடங்கியதும் எட்டிப் பார்த்தேன்.

சூசை பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் பெரிய பனங்கற்கண்டுக் கட்டி போல ஒன்று.

"என்னடா இது?" என்றார் மாமா.

"ஐயா... ஒறஞ்சு போச்சுங்கய்யா."

சைகோனில் இருபது வருடம் இருந்த ஒரு பங்காளி, அவரும் பெர்மிட்டுக்காரர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பிராந்தி ஒறஞ்சு நான் பாத்ததே இல்லப்பா" என்றார்.

நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சூசை மெதுவாகச் சொன்னார், "ரெண்டு நாளாத் தீயக் கூட்டி வச்சிருந்தேனுங்க. அதுனாலதான் ஆயிருக்கும்."

மாமா அவசரப்படுகிறவர் அல்ல. "சரி, பினாங்குக்கு எழுதிக் கேப்போம். அதுவரைக்கும் பாட்டில அப்படியே உள்ள வையி. ஒருத்தரும் உருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அந்தக் கடிதத்தை எழுதியது யார் தெரியுமா? நான்தான்! மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வருகிற கடிதத்தை வாசிப்பதும் போகிற கடிதத்தை எழுதுவதும் என் வேலை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐஸ் பெட்டியில் வைத்தால் பிராந்தி உறையுமா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை.

பதில் வரும்வரை மூன்று வாரம் அந்த உறைந்த பாட்டில் உள்ளேயே இருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறந்தால் அது. தயிர் வைக்கத் திறந்தால் அது. நான் ஒரு சொட்டும் தொடவில்லை. தொட்டாலும் நக்கத்தான் முடியும்.

கடிதம் வந்தது. மாமா ஊஞ்சலில். மாமியார் கதவோரம். சூசையையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். நான் உறையைப் பிரித்தேன்.

என் கணவர் எழுதியிருந்தது இது. என் கையில் இப்போதும் இருக்கிறது, பார்த்தே எழுதுகிறேன்:

"பிராந்தி ஐஸ் பெட்டியில் உறையாது. எத்தனை வருடமானாலும் கெடவும் கெடாது. திறந்த பாட்டிலானால் நாளாக ஆக மணம் சற்றுக் குறையும், அவ்வளவே. உறைந்தது என்றால் யாரோ எடுத்துக்கொண்டு தண்ணீர் கலந்திருக்கிறார்கள். சூசையை விசாரிக்கவும்."

கண்ணால் முதலில் ஓடவிட்டுப் படித்தேன். கடைசி வரியில் நின்றேன். எதிரே சூசை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நல்ல பதில் வரும் என்று நிற்கிற முகம்...

என்ன செய்திருக்க வேண்டும் நான்? சொல்லுங்கள்! "நான்தான் மாமா" என்று இரண்டு சொல். அதற்கு என் வாய் திறக்கவில்லை. ஆனால் வேறொன்றுக்குத் திறந்தது. கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தங்கு தடையில்லாமல், இப்படி வாசித்தேன்:

"தீயை அதிகமாக வைத்தால் பிராந்தியும் உறைந்துவிடும். உறைந்தால் சாரம் போய்விடும். பக்குவமாக வைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது."

மூன்று மாதம் எங்கிருந்து வந்தது? தெரியாது! வாயில் வந்தது. பொய்க்கு ஓர் எண் இருந்தால் உண்மை போலக் கேட்கிறது, அவ்வளவுதான்.

மாமா தொடையைத் தட்டினார். "நான் நெனச்சேன்! தீதான்!" என்றார். மாமியார் உள்ளே போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சூசையைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்! இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான். உண்மையை வாசித்திருந்தால் சூசை திருடன் ஆகியிருப்பார், நான் பொய்யாக வாசித்ததால் அவர் தப்பித்தார்... எவ்வளவு அழகான சமாதானம்! அவர் திருடன் ஆகாமலும் இருந்திருக்கலாம், நான் ஒருத்தி வாய் திறந்திருந்தால்.

சூசை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கையாலதானுங்கய்யா மருந்து கெட்டுச்சு. நெஞ்சு வலிக்காரவுகளுக்கு இத்தன நாளா சக்கையக் குடுத்திருக்கேன்."

"அட போடா, ஒரு பாட்டில்தானே" என்று மாமா சிரித்தார். உண்மையிலேயே அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாதக் கடைசியில் பசுவாகிப் போன பழைய பாட்டில்களுக்கும் அவருக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்ட திருப்தி.

இந்த இடத்தில் மறுபடி சிரிக்கலாம் நீங்கள். ஏனென்றால் என் மூன்று மாதம் ஊர் சுற்றப் போனது. மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சைகோன் பங்காளி தன் ஊரில் சொன்னார். சுற்று வட்டாரத்தில் பெர்மிட் வைத்திருந்த அத்தனை பெரியவர்களும், மிச்சம் பிடித்து வைத்திருந்த பாட்டில்களை மூன்று மாதத்துக்குள் முடித்தாக வேண்டுமே என்ற கடமை உணர்ச்சியோடு முடித்தார்கள். கெட்டுப் போய்விடும் அல்லவா! அந்த ஆண்டு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் மிகவும் உற்சாகமாக இருந்தார்கள்.

சூசை மட்டும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை திரி நறுக்குகிற கத்தரியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "ஆச்சி, தீய நீலத்துலயே வச்சுக்கங்க" என்றார். மாமா எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார். கத்தரியின் பிடி அவர் விரலுக்குத் தேய்ந்திருந்தது, என் விரல் அதில் சரியாக உட்காரவில்லை.

போகட்டும், வேறு இடத்தில் வேலை பார்ப்பார் என்று நினைத்தேன். வேலையும் தேடி வந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஊசி மருந்து வைப்பதற்காக இதே மாதிரிப் பெட்டி வந்து இறங்கியது. 'ஐஸ் சூசை' இருக்கிறாரே என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பிள்ளைகளோடு இருக்கலாம். மாதச் சம்பளம். அவர் போகவில்லை!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சூசையும் அவர் மனைவி ஆரோக்கியமும் மாமாவைப் பார்க்க வந்தார்கள். ஆரோக்கியம் என்னைத் தனியே இரண்டாங்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஆச்சி, கன்னியாஸ்திரியம்மா மூணு வாட்டி ஆளு விட்டுட்டாங்க. 'எங் கையி சரியில்ல'ன்னு சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னாக் கேப்பாரு. ஒங்க மேல அம்புட்டு மரியாத."

ஒரு வார்த்தை! அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். என் அலமாரியில் கடிதமாகவே இருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"போய்ப் பாரேன் சூசை. நல்ல எடமாமே" என்றேன். இதுதான் நான் சொன்ன வார்த்தை!

அவர் சிரித்தார். "ஊசி மருந்து ஆச்சி. பச்சப் புள்ளைகளுக்குப் போடுறது. தீ கூடிச் சாரம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஐயா பெரிய மனசு, விட்டுட்டாக. நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேனுங்க. இனிமே அந்த வேல தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

பாவசங்கீர்த்தனம்! கேட்டீர்களா? செய்யாத பாவத்தைக் கோயிலில் முழங்காலிட்டுச் சொல்லி, அதற்கு மன்னிப்பும் வாங்கிவிட்டார் அந்த மனிதர். செய்த நான் எங்கே போய் முழங்காலிடுவேன்? எங்கள் பிள்ளையாரிடம் சொன்னேன். அவர் கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

ஆஸ்பத்திரி வேறு ஆளை வைத்துக்கொண்டது. சூசை சைக்கிளில் மீமிசல் வரை போய்க் கருவாடு வாங்கி வந்து ஊர் ஊராக விற்க ஆரம்பித்தார். குமிழி இல்லாத ஐஸ் செய்த கை, ஐஸே தேவைப்படாத மீனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மிதித்தது. 'ஐஸ் சூசை' என்று யாராவது கூப்பிட்டால் இப்போது திரும்பமாட்டாராம். ஆரோக்கியம்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நீ குடிப்பதை நிறுத்தினாயா என்று கேட்பீர்கள். நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்... ஒரு மாதம் நிறுத்தினேன். பிறகு தொடங்கினேன், குறைவாக. என் கணவர் வந்து, எனக்கு மகன் பிறந்த அன்றுதான் முழுதாக நின்றது. பாலாடையைப் புளி போட்டு ஏழு முறை தேய்த்தேன். அவன் அதில்தான் பால் குடித்து வளர்ந்தான். கணவர் ஒரு நாள் கேட்டார், "அந்தப் பிராந்தி விசயம் என்னாச்சு? சூசைய விசாரிச்சீகளா?" என்று. "விசாரிச்சாச்சு, அவன் இல்ல" என்றேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

வருடங்கள் ஓடிவிட்டன. மாமா நல்ல வயதில், தூக்கத்தில் போனார். நெஞ்சு கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குக் கரண்டு வந்தது. மண்ணெண்ணெய்ப் பெட்டி பழைய சாமான் அறைக்குப் போய், கரண்டுப் பெட்டி வந்தது. மாமா திறக்காமல் விட்டுப்போன கடைசிப் பாட்டில் ஒன்று இருந்தது. பெர்மிட்டுக்காரர் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம் என்று தெரியும். கொட்ட மனம் வரவில்லை. புதுப் பெட்டியின் மேலறையில் படுக்க வைத்தேன். ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறது. உறையவும் இல்லை, கெடவும் இல்லை. என் கணவர் எழுதியது சரிதான்.

சூசை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவார். மாமாவின் படத்துக்கு முன் ஒரு நிமிடம் நிற்பார். போன மாதமும் வந்தார். அவர் வருகிற நாள் தெரியும் ஆதலால் அன்று காலையில் நான் ஒரு முடிவு செய்திருந்தேன். கடிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்று வாசித்துவிடுவது. கடைசி வரி உட்பட!

வெயிலில் வந்தவருக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று பார்த்தார். பழைய ஆசை கண்ணில் அப்படியே இருந்தது. ஐஸ் எடுக்கும்போது பாட்டில் உருண்டது. உள்ளே பிராந்தி சலசலவென்று ஆடியது.

"ஆச்சி... அது ஐயாவோட பாட்டிலுங்களா?"

"ஆமா சூசை."

"எத்தன நாளா உள்ள இருக்கு?"

"ஆறு வருசமா."

அவர் முகம் மாறியது. நெற்றி சுருங்கியது. கட்டியிருந்த கை மெல்லப் பிரிந்தது. "ஒறையலையே ஆச்சி?" என்றார்.

கடவுளே ஒரு கேள்வியாக வந்து என் முன்னால் நின்றால் இதைவிட நேராகக் கேட்டிருக்க முடியாது. கடிதம் இடுப்பில் உறுத்தியது. பார்க்க யாரும் இல்லை. மாமா இல்லை, மாமியார் இல்லை, கணவர் பினாங்கில். என்னைத் தண்டிக்க இனி அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பன்னிரண்டு வருடத்தை அந்தக் கைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன். கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். அவர் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வை மாறிவிடுமே என்ற பயம்தான்.

"இது கரண்டுப் பொட்டி சூசை. கரண்டுல ஒறையாது" என்றேன். "மண்ணெண்ணெய்த் தீயிலதான் ஒறையும்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். கையைப் பழையபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதான பாத்தேன்... எந் தீதான் ஆச்சி கூடிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். ஐஸ் தண்ணீரை முழுவதும் குடித்தார். நல்ல ஐஸு என்று பெட்டியைப் பாராட்டினார்.

சூசைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக உங்களிடம் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

போகும்போது எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். முதல் தரமான வஞ்சிரக் கருவாடு, வாழைமட்டையில் சுற்றி நார் போட்டுக் கட்டியது. அன்றே குழம்பு வைத்தேன். மிகவும் ருசியாக இருந்தது, இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். பிறகு கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அவர் வருவார்.